நட்டுக்குப் பொட்டு வைத்தது யார்?

அத்தியாயம் ஒன்பது

“கஜேன், வாயை மூடிக்கிட்டு அந்தச் சக்கரத்தைப் பாரு” என்றார் டோரீன் மிஸ்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் குனிந்தேன். ஊசிமலைத் தோட்டத்துக் கராஜின் சிமெந்துத் தரையில், உரச்சாக்கு ஒன்றின் மேல், ஒரு ஜீப்பின் முன்சக்கரம் படுத்துக் கிடந்தது. நடுவிலிருந்த ஹப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே கிரீஸ், கிரீஸுக்குள் பெயாரிங், பெயாரிங்குக்கு முன்னால் ஒரு பெரிய நட்டு.

“சக்கரம் மாதிரி இருக்கு மிஸ்.”

“நல்ல அறிவு.”

டோரீன் மிஸ் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வாகன விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றதும் ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். கைக்குழந்தை அழுதால்கூட உண்மையாகத்தான் அழுகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். நான் கஜேந்திரன். அவருக்கு டிரைவர், உதவியாளர், திட்டு வாங்கும் ஆள். சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான்.

விஷயம் இதுதான். ஆயுத பூசைக்கு மறுநாள் அதிகாலை, பூரணி என்ற கொழுந்தெடுக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்ட தோட்டத்து ஜீப், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழேயுள்ள வளைவில் இடது முன்சக்கரத்தைத் தனியாக அனுப்பிவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. பூரணிக்குக் கால் முறிந்தது. பூசைக்கு முதல் நாள் அந்தச் சக்கரத்தின் பெயாரிங்கைக் கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்துப் பூட்டியவர் கராஜ் மெக்கானிக் கந்தப்பன். நட்டு தானாகக் கழன்றுவிடாமலிருக்க அதனடியில் ஒரு தகட்டு வொஷர் போட்டு, வொஷரின் காதை நட்டின் மேல் மடித்துவிட வேண்டும். பொலிஸ் திறந்து பார்த்தபோது காது மடியாமல் நிமிர்ந்தே நின்றது. மறந்துவிட்டார் என்று எழுதிவிட்டார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் கந்தப்பனை நீதவானிடம் கொண்டுபோகப் போகிறார்கள். அவர் உள்ளே போனால் வேலை போகும். வேலையோடு பெயரும் போகும்.

எங்களைக் கூப்பிட்டது கந்தப்பன் இல்லை, பூரணி. “அந்தண்ணன் பூட்டுன சக்கரம் கழறாது மிஸ், நீங்க போய்ப் பாருங்க” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எனக்குத் தெரியாது. மிஸ் என்னை டீ வாங்க அனுப்பிவிட்டார். முக்கியமான பேச்சு நடக்கும்போதெல்லாம் அவருக்கு டீ தேவைப்படும்.

பூரணி அன்றைக்கு நுவரெலியா போனதே சாட்சி சொல்லத்தான். போன மாதம் சண்முகவடிவு என்ற பெண் மலையில் கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டி இறந்துபோனார். அந்த மலையில் குளவிக்கூடு இருப்பது தெரிந்தும் ஆட்களை அனுப்பியது யார் என்று விசாரணை. தோட்டமே, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நிரோஷனைக் கைகாட்டியது. எந்த மலைக்கு யார் போவது என்று காலையில் ஆள் பிரிக்கிறவர் அவர்தானே. நானும் அவர்மேல்தான் ஒரு கண் வைத்திருந்தேன். ஆனால் மனிதர் பூசைக்கு முன்பே கண்டிக்குப் போய் மாமியார் வீட்டில் இருந்திருக்கிறார். மாமியாரே அதை உறுதி செய்தார். மருமகனுக்காகப் பொய் சொல்லும் மாமியாரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

“மேடம், முடிஞ்சதா?” என்றார் இன்ஸ்பெக்டர் ஹேரத். இந்தப் பக்கத்திலேயே பல வருடம் வேலை பார்த்ததில் அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும், கோபம் வராதவரை. “நான் ஹட்டன் போகணும். இந்த மனுஷன் மறந்துட்டார். அவ்வளவுதான் கேஸ்.”

இந்த மனுஷன், இரண்டு பொலிஸ் கொஸ்தாப்பல்களுக்கு நடுவே ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, எண்ணெய்க் கறை போகாத பெரிய கைகள். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கந்தப்பண்ணே, வொஷரை மடிச்சீங்களா?” என்று கேட்டார் மிஸ்.

“மடிச்ச மாதிரிதாங்க ஞாபகம். ஆனா ஆளாளுக்கு மறந்துட்டே, மறந்துட்டேன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிருச்சு மிஸ். கண்ண மூடுனா அந்த வொஷர்தான் வருது. ஒரு தடவ மடிஞ்சிருக்கு. இன்னொரு தடவ பாத்தா மடியாம நிக்கிது. எது நெசம்னு தெரியலீங்க.”

சிறைக்குப் போகிற பயம்கூட ஆளை இப்படி ஆக்காது. தன் கையையே நம்பாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

தோட்டத்துத் தலைவர் சோலைமலை முன்னால் வந்து, தன் சால்வையை எடுத்துக் கந்தப்பனின் தோளில் போர்த்தினார். தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டித் தலைவர் இரண்டும் அவரே. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை, அதற்கும் மேல் வாய் நிறையப் பேச்சு. அந்தக் காலத்தில் லொறிக் கிளீனராக இருந்து மேலே வந்தவர் என்று வந்தவுடனேயே எங்களிடம் சொல்லியிருந்தார்.

“சேர், பாவம் சேர். வயசாகிப் போச்சு. இப்பல்லாம் மறதி. சாமான எங்க வெச்சோம்னே தெரியாமத் தேடுவாரு. வேணும்னு செய்யல, நம்ம ஆளு. கொஞ்சம் பாத்து எழுதுங்க சேர்.”

“பாத்தீங்களா மிஸ், எவ்வளவு நல்ல தலைவர்” என்று முணுமுணுத்தேன்.

மிஸ் சுட்டுவிரலை ஹப்பினுள் விட்டு, நட்டின் மூலையை வழித்து எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். “என்ன நிறம்?”

“கிரீஸ் நிறம்.”

“அந்த டின்ல இருக்கிற கிரீஸ் என்ன நிறம்?”

கராஜ் மூலையில் திறந்திருந்த டின்னைப் பார்த்தேன். தேன் நிறம். மிஸ்ஸின் விரலில் இருந்ததிலோ மஞ்சள் கலங்கி, நடுநடுவே செக்கச்செவேல் என்று புள்ளிகள். முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாடைக்கு அடியில் எங்கோ ஒரு கோயில் வாடை அடித்தது.

“சந்தனம்! குங்குமம்!”

“நட்டுக்கு யாரு கஜேன் பொட்டு வெச்சது?”

கொஸ்தாப்பல் ஒருவர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “பூசை போட்ட இடம் மேடம். எல்லாத்துக்கும்தான் பொட்டு வெச்சிருக்காங்க. இதுக்கும்தான்” என்று, கையிலிருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். சான்றுப்பொருளாக எடுத்து வைத்திருந்த குழாய் ஸ்பெனர் அதனுள் இருந்தது. ஹப் நட்டைத் திறக்க இந்தக் கராஜில் இருப்பது அது ஒன்றுதான். பழைய இரும்புக் குழாயை அடித்து கந்தப்பனே செய்தது.

“அதுக்கு வெளிய பொட்டு வெக்கலாம் சேர். பூட்டி மூடுன ஹப்புக்குள்ள எப்படிப் போகும்?” என்றார் மிஸ். “கந்தப்பண்ணே, நீங்க ஹப்பைப் பூட்டுனது பூசைக்கு முதல் நாள். அப்ப ஸ்பெனர்ல பொட்டு இருந்ததா?”

“இல்லீங்களே. எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவிக் காயவெச்சு, மறுநாள் பூசையிலதான் தலைவர் பொட்டு வெச்சாரு. வாயச் சுத்தி வெச்சாரு, கைப்பிடியில வெச்சாரு.”

“பூசைக்கு அப்புறம் யாரு அதைத் தொட்டது?”

“அய்யய்யோ, அன்னைக்கு யாரும் ஆயுதத்தத் தொட மாட்டோம் மிஸ். மறுநாள் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுப்போம். அதுக்கு முன்னாடியே ஜீப்பு போயிருச்சு. அப்புறம் விழுந்துருச்சுன்னு எல்லாரும் ஓடுனோம். ஸ்பெனர பொலிஸ்தான் எடுத்தாங்க.”

மிஸ் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “பாத்தியா கஜேன்? பொட்டுக்கு மேல கிரீஸ். கிரீஸுக்கு மேல பொட்டு இல்ல. பொட்டு வெச்சதுக்கு அப்புறம் இது வேலை செஞ்சிருக்கு. பூசை நாள்ல யாரோ வந்து ஹப்பைத் திறந்து, மடிச்ச காதை நிமிர்த்தி, நட்டைத் தளர்த்திட்டு, திரும்ப மூடி வெச்சிட்டாங்க.”

கந்தப்பன் எழுந்து நின்றுவிட்டார். சால்வை கீழே விழுந்தது. “அப்ப நான் மடிச்சேனா மிஸ்?”

“மடிச்சிருக்கணும்” என்றார் மிஸ். அது கந்தப்பனுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

கராஜுக்குக் கதவு கிடையாது. நாலு தூண், மேலே தகரம். பூசை முடிந்து பொங்கலும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் லயத்து வீடுகளுக்குப் போன பிறகு, பனி இறங்கிய நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்தான். ஆனால் அவசரக் கெட்டிக்காரர். “ஹரி, சரிதான். பூசை நாள்ல இந்துக்காரங்க தொட மாட்டாங்க. அப்ப தொட்டது யாரு?” அவர் பார்வை, கராஜ் தூணில் சாய்ந்து நின்ற டிரைவர் இக்னேசியஸ்மீது போய் நின்றது. நெற்றியில் கட்டு, கழுத்தில் செபமாலை. “நீ வேதக்காரன். உனக்குப் பூசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சக்கரம் ஆடினதும் அந்தப் பொம்பளைய விட்டுட்டு நீ மட்டும் குதிச்சிருக்க. கழறும்னு தெரிஞ்சுதானே குதிச்ச?”

இக்னேசியஸ் தூணை விட்டு முன்னால் வந்தார். “குதிக்கலீங்க சேர். கதவு தொறந்து தூக்கிப் போட்டுருச்சு. நானே ஓட்டுற வண்டியில நானே சக்கரத்தக் கழட்டுவேனா?”

“கழட்டிட்டுக் குதிப்ப.”

“சேர், அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க” என்றார் கந்தப்பன். தான் தப்பிப்பதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது, அதையும் இந்த மனுஷன் போய் மூடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சோலைமலை தலையை ஆட்டினார். “மனுஷ மனச யாரு கண்டா சேர். நம்ம ஆளுக ஆயுத பூசையன்னைக்கு ஒரு ஆணியக்கூடத் தொட மாட்டாங்க. அத மட்டும் நான் கோயில்ல சத்தியம் பண்ணுவேன்.”

கொஸ்தாப்பல் விலங்கை எடுத்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. விழுந்த ஜீப் பூசையன்று நின்ற இடத்தில் முழங்காலிட்டு, தரையை முகர்ந்துகொண்டிருந்தார்.

“மிஸ், மரியாதையான ஒரு குடும்பத்துல பிறந்தவங்க நீங்க.”

“இங்க வா. இது என்ன?”

இடது முன்சக்கரம் நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு அருகே, சிமெந்தில் ஒரு சின்னக் கரி வட்டம். நடுவில் வெள்ளையாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது.

“சிகரெட்?”

“கற்பூரம்” என்றார் மிஸ். “கந்தப்பண்ணே, பூசையில கற்பூரத்தைத் தரையில கொளுத்துனீங்களா?”

“தட்டுலதாங்க காட்டுனோம். இங்க டீசல் சிந்தியிருக்கும், தரையில நெருப்பு வெக்கவே விட மாட்டேன்.”

மிஸ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “இன்ஸ்பெக்டர் சேர், நானும் வேதக்காரிதான். எங்க ஆளு ஒரு தப்பு செஞ்சா ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போவான். போகாமயும் இருப்பான். ஆனா தரையில கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேக்க மாட்டான். ஆயுதத்தைத் தொட்டது குத்தம்னு மனசு உறுத்துன ஆளு செஞ்ச வேலை இது. நட்டைத் தளர்த்துன கையோடயே சாமி கும்பிட்டிருக்காரு.”

விலங்கு அந்தரத்தில் நின்றது. “உங்க கோயில் ஆளுன்னு காப்பாத்துறீங்களா மேடம்?”

“அதையும் பாத்துருவோம். இக்னேசியஸ் எந்த இடத்துல விழுந்தாருன்னு வளைவுல போய்ப் பாக்கலாமா? எல்லாருமே போவோம்” என்ற மிஸ், கராஜின் மறுகோடியைக் காட்டினார். அங்கே தோட்டத்து டிஸ்பென்சரியின் ஜீப் நின்றது. விழுந்ததற்கு அண்ணன் தம்பி போல அதே மொடல். “அந்த ஜீப்ல.”

கந்தப்பன் பதறினார். “மிஸ், அது வேணாம். அதுக்கும் அன்னைக்குத்தான் ரெண்டு முன்சக்கரமும் பெயாரிங் வேல செஞ்சேன். பூசைக்கு அதுவும் இங்கதான் நின்னுச்சு. விழுந்ததுக்கு அப்புறம் யாரும் அத எடுக்கல. ஒரு தடவ தொறந்து பாத்துட்டு…”

“நேரமில்ல அண்ணே. கஜேன், சாவி.”

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உயிர் மேல் ஆசை உண்டு. “மிஸ், நான் வேணும்னா நடந்தே போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேனே” என்றேன். அவர் பார்த்த பார்வையில் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டருக்குத் திடீரென்று ஒரு போன் வந்தது. ஊசிமலைத் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது என்பதை அவர் மறந்துவிட்டார். மிஸ் பின்னால் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். கந்தப்பன் சற்று நின்றார். பிறகு, “நான் பூட்டுன சக்கரம். என்ன ஆனாலும் நானும் இருக்கணும்” என்று இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறினார். இக்னேசியஸ் சிலுவை போட்டுக்கொண்டார். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறிக் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டார். எனக்கு அது போதும். ‘இந்த ஜீப்பிலும் கைவைத்திருக்கிறான், அதனால்தான் நடுங்குகிறான்’ என்று முடிவு கட்டினேன்.

“வாங்கப்பா, மழைக்கு முந்திப் போயிட்டு வந்துருவோம்” என்று சோலைமலை என் பக்கத்து சீட்டில் ஏறி, வேட்டியைச் சரி செய்து சாய்ந்து உட்கார்ந்தார்.

ஜீப் நகர்ந்தது. ஸ்டோரைத் தாண்டியதும் பாதை இறங்கத் தொடங்கியது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலை. தேயிலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது பனியில் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் என் கையில் சற்றே உதறியது. அது பாதையின் உதறலா, சக்கரத்தின் உதறலா, என் உதறலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“இடது பக்கம் ஒரு சத்தம் கேக்குது” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என் பல்லு சேர்” என்றேன்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கந்தப்பன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இக்னேசியஸின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மிஸ்ஸின் முகத்தில்கூட ஒரு இறுக்கம். வளைவு வந்தது. நசுங்கிய தேயிலைச் செடிகளும், தாரில் இரும்பு கீறிய நீளக் கோடும் தெரிந்தன. என் உள்ளங்கை வழுக்கியது.

“நிறுத்து” என்றார் மிஸ்.

நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் அது கையோடு வந்துவிடும் போலிருந்தது. யாரும் இறங்கவில்லை. எஞ்சின் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

“தலைவரே, உங்களுக்குப் பயமே இல்லையா?” என்று கேட்டார் மிஸ்.

சோலைமலை ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். வரும் வழியிலேயே புதிதாக வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். “எனக்கென்னங்க பயம்? கந்தப்பன் பூட்டுன சக்கரம். மலையே சரிஞ்சாலும் அது சரியாது.”

“அப்போ மறதி?”

“என்ன மறதிங்க?”

“வயசாச்சு, மறதி, சாமானை எங்க வெச்சோம்னே தெரியலைன்னு கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நீங்கதானே இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்க? மறதிக்காரர் ஒரே நாள்ல ரெண்டு ஜீப் பூட்டியிருக்காரு. ஒண்ணுல சக்கரம் கழண்டு ஒரு பொண்ணு கட்டில்ல கிடக்கிறா. இன்னொண்ணுல ஏற எங்க எல்லாருக்கும் குலை நடுங்குது. பூட்டுனவரே நடுங்குறாரு. நீங்க மட்டும் வெத்தலை போட்டுக்கிட்டு வர்றீங்க.”

சோலைமலையின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

“கந்தப்பண்ணனுக்கு மறதி கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். இந்த ஜீப்பை யாரும் தொடலைன்னும் தெரியும். ரெண்டும் சேர்ந்து தெரிஞ்ச ஆளு, அந்த ஜீப்பைத் தொட்ட ஆளுதான்.”

“நாக்க அடக்கிப் பேசுங்க மிஸ்! பூரணிக்காகச் சங்கத்துல போராடுனவன் நான். அவ சாட்சி சொன்னா கண்டாக்குக்குத்தான் ஆபத்து. எனக்கு என்ன வந்துச்சு?”

“அப்படித்தான் தோட்டமே நினைக்குது. பூரணி என்கிட்ட சொன்னது வேற.” மிஸ்ஸின் குரல் தாழ்ந்தது. நான் டீ வாங்கப் போனபோது தவறவிட்ட பேச்சின் மீதி எனக்கு அப்போதுதான் கிடைத்தது. “கூடு இருக்குன்னு பூரணியும் சண்முகவடிவும் வந்து சொன்னது உங்ககிட்ட. கண்டாக்கு உங்களைக் கேட்டாரு. ஆள் விட்டு எரிச்சாச்சு, பயப்படாமப் போகச் சொல்லுங்கன்னு நீங்க சொன்னீங்க. அந்தக் கூட்டை யாரும் எரிக்கல. அதைத்தான் பூரணி விசாரணையில சொல்லப் போனாங்க.”

இன்ஸ்பெக்டர் கம்பியை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பின் கூரையில் சடசடவென்று விழுந்தது.

சோலைமலை வாயிலிருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

“கொல்லணும்னு நெனைக்கலீங்க. சத்தியமா இல்ல. கராஜ விட்டுக் கெளம்புனதுமே சக்கரம் ஆடும், நிறுத்திருவாங்க, அன்னைக்கு விசாரணைக்குப் போகாம நின்னுருவாங்கன்னு நெனச்சேன். இவ்வளவு தூரம் ஓடும்னு தெரியாதுங்க.” மூச்சு வாங்கினார். “கூட்ட எரிக்கத்தாங்க இருந்தேன். கோயில் திருவிழா வேல. அலைச்சல். மறந்துட்டேன். கண்டாக்கு கேட்டப்ப, மறந்துட்டேன்னு சொல்ல வாய் வரல. எரிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு எரிச்சுக்கலாம்னு இருந்தேன்.”

“மறதி உங்களுது” என்றார் மிஸ். “அதைத் தூக்கி இவரு தலையில வெச்சிட்டீங்க.”

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு நக்கல் வாயில் வரும். அப்போது வரவில்லை. ஒரு கூடு எரிக்காமல் விட்டதற்காக ஒருத்தி செத்தாள், அதை மறைக்க இன்னொருத்திக்குக் கால் முறிந்தது, அதையும் மறைக்க ஒரு மனிதரைத் தன் கையையே சந்தேகப்பட வைத்தார்கள். எனக்கு அந்த விபூதி நெற்றியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கராஜுக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர், கொஸ்தாப்பலின் கையிலிருந்த விலங்கைத் தானே வாங்கிச் சோலைமலைக்குப் போட்டார். இக்னேசியஸிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு தோளில் மட்டும் தட்டினார். “கந்தப்பன், நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றார். பொலிஸ் ஜீப் மழைக்குள் மறைந்தது.

“மிஸ்” என்றேன். “இந்த ஜீப் நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் தொறந்தே பாக்கலையே.”

“தெரியாது.”

“தெரியாதா!”

“அவரு ஏறி சாஞ்சு உக்காந்தாரே, அப்பதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் எனக்கும் உன்னை மாதிரிதான்.”

நான் போய் ஒரு தகர டின்மேல் உட்கார்ந்தேன்.

கந்தப்பன் வீட்டுக்குப் போகவில்லை. டிஸ்பென்சரி ஜீப்பின் முன்னால் குந்தி, இடது சக்கரத்தின் மூடியைக் கழற்றினார். கட்டைவிரலால் கிரீஸை வழித்தார். வொஷரின் காது நட்டின் மேல் அழகாக, இறுக்கமாக மடிந்து படிந்திருந்தது. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தோள் குலுங்கியது. சத்தம் வராமல் அழுதார்.

“பாத்தீங்களா அண்ணே, உங்க வேலைதான்” என்று சொன்னார் மிஸ்.

“ஆமா மிஸ். ஆமா.”

மூடியைப் பூட்டினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். எழுந்து கராஜின் வாசல் தூண்வரை போனார். அங்கே நின்றார். எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, கூச்சத்தோடு திரும்பி வந்து, அதே சக்கரத்தின் முன்னால் குந்தி, அதே மூடியை மறுபடி கழற்றினார்.

“தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன். மடிச்சிருக்கேன்ல?”

மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

நான் போய் கந்தப்பன் பக்கத்தில் குந்தினேன். “மடிஞ்சுதான் அண்ணே இருக்கு” என்றேன். அவர் பூட்டினார். வலது சக்கரத்துக்குப் போய் அதையும் திறந்தார், என்னைப் பார்த்தார். அதற்கும் அதையே சொன்னேன். பிறகு இடது பக்கத்துக்கே திரும்பி வந்தார். மழை விடும்வரை நான் அவர்கூடவே இருந்து, அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.